நம் குடும்ப வரலாற்றை நாமே எழுதுவோம்

(பூவாரில் நடைபெற்ற நம் சங்கத்தின் விடுமுறைக் கால ஊர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பூவாரிலிருந்து தெற்கே குமரி நோக்கி ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1860-இல் வேலை தொடங்கியது. அதன் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். அனந்தன் என்பது பத்மநாபசுவாமியைக் குறிக்கும். விக்டோரியா என்பது லண்டனில் இருந்த மகாராணி. மார்த்தாண்டன் என்பது அப்போது திருவிதாங்கூரை ஆண்ட உத்திரம் திருநாள் மகாராஜா. ஆக, ஒரு கால்வாய்க்கு மூன்று பெயர்கள் சூட்டினார்கள். மண் வெட்டியவன் பெயர் எங்கே? கூடை சுமந்தவள் பெயர் எங்கே? அவர்கள் யார்? வேறு யாருமல்லர், நம் பூட்டன்மாரும் பூட்டிமாரும் போன்றவர்கள்தாம்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் இளைஞர்கள் சிலரிடம் கேட்டோம். தாத்தா பெயர் என்ன? சொன்னார்கள். தாத்தாவின் அப்பா பெயர்? பாதிப் பேர் விழித்தார்கள். தாத்தாவின் அம்மா பெயர்? ஒருவர்கூடச் சொல்லவில்லை. அரச குடும்பத்தின் வரலாற்றை எழுத அரண்மனையிலே ஆள் இருந்தார்கள். நம் குடும்பத்தின் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப் போவதில்லை. ஆகவேதான் இன்றைய பேச்சுக்கு இதையே பொருளாக எடுத்துக்கொண்டோம்: குடும்ப வரலாற்றை எங்கே தொடங்குவது, நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் அதற்கு எப்படிப் பயன்படுத்துவது?

இது பொழுதுபோக்கா?

"வயிற்றுப்பாட்டுக்கு ஊர் ஊராய் அலைகிறோம், நமக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இலங்கை மலையகத்திலிருந்து பதில் சொல்கிறோம். 1948-இல் இலங்கை அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நாட்டிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்தவன் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பன் வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனாரும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் தாத்தாவின் பிறப்புச் சான்று எப்படி இருக்கும்? தலைமுறை தலைமுறையாய் அந்த மண்ணை உழைத்துப் பொன்னாக்கிய இலட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. அந்தச் சட்டத்தின் நோக்கமே அநீதியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அநீதி எந்தக் கருவியைக் கையில் எடுத்தது என்பதைக் கவனியுங்கள். ஏழையிடம் குடும்பத்தின் காகிதம் இராது என்பதுதான் அந்தக் கருவி.

அது பழைய கதை, வேறு நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது நடந்தது என்ன? முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில், அதாவது கேரளத்தில் 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில், உன் பெயர் எங்கே, இல்லையென்றால் உன் பெற்றோர் பெயர் எங்கே என்று கேட்டார்கள். பிழைப்புக்காக வெளியூர் போயிருந்த குடும்பங்கள் எவ்வளவு அலைந்தன என்பது உங்களுக்குத் தெரியும். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போனால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாளில் குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்ற கேள்வி வருகிறது. தாத்தா எங்கே இருந்தார் என்பதைக் காட்டும் ஒரு துண்டுக் காகிதம் பேரப் பிள்ளையின் கல்லூரி இடத்தையே முடிவு செய்துவிடுகிறது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியுமா?

முதல் நூலகம் நம் வீடு

தேடலை எங்கே தொடங்குவது? நூலகத்தில் அல்ல, வீட்டில். வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். உங்கள் பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். பெயர், பிறந்த ஊர், கட்டிய ஊர், செய்த தொழில், இறந்த ஆண்டு இவற்றை எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்று பாட்டி சொல்லுவாள். "கோயில் பிரவேச விளம்பரம் வந்தபோது நீ எவ்வளவு பெரியவள் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாளா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த விளம்பரம் 1936 நவம்பர் 12-இல் வந்தது. "எல்லை பிரிந்தபோது உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். அது 1956 நவம்பர் 1. ஊரறிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்டால் பாட்டிக்கு வயது நினைவு வரும்.

வீட்டுப் பெயரை மறவாமல் எழுதுங்கள். நம் பகுதியிலே ஆளுக்கு அடையாளம் வீட்டுப் பெயர்தான். பனவிளை, காட்டுவிளை, புத்தன்வீடு என்று எத்தனையோ பெயர்கள். வெளியூருக்குப் போனதும் அந்தப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடுகிறது. பழைய ஆதாரத்தையும் பதிவேட்டையும் புரட்டும்போது ஒரே பெயரில் பத்துச் செல்லப்பன் வருவார்கள். உங்கள் செல்லப்பன் யார் என்று காட்டிக்கொடுப்பது வீட்டுப் பெயர் ஒன்றுதான்.

பிறகு பரணையும் தகரப் பெட்டியையும் இறக்குங்கள். ஒற்றி ஆதாரம், கரம் கட்டிய ரசீது, பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு, நிக்காஹ் பதிவு, பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, கொழும்பிலிருந்து வந்த கடிதம் - எதையும் குப்பை என்று எறிய வேண்டாம். அச்சடித்த கல்யாண அழைப்பிதழ்கூட இரண்டு குடும்பங்களின் பெயர்ப் பட்டியல்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேட்டது ஒரு பக்கம், எழுத்தில் கண்டது மறுபக்கம் என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்வோமே. பூவாருக்கு முன்பு போக்குமூசாபுரம் என்று பெயர் இருந்ததென்றும், மார்த்தாண்டவர்மா பகைவரிடமிருந்து தப்பி வந்தபோது இங்கிருந்த முஸ்லிம் வணிகர் ஒருவர் அடைக்கலம் கொடுத்தாரென்றும், ஆற்றில் உதிர்ந்து கிடந்த பூக்களைப் பார்த்து மன்னரே பூவாறு என்று பெயரிட்டாரென்றும் ஊரிலே சொல்லுகிறார்கள். அழகான கதை. மாற்று மதத்தாருக்கு இடம் கொடுத்த ஊர் என்ற பெருமை அதிலே இருக்கிறது. அதைக் கேட்ட பக்கத்தில் எழுதுங்கள். எழுத்துச் சான்று கிடைத்த பிறகு மறுபக்கத்துக்குக் கொண்டுபோகலாம். குடும்பக் கதைக்கும் இதுவே முறை.

வாயனசாலைக்குப் போவோம்

அடுத்த படி நம் ஊர் வாயனசாலை. 1945 செப்டம்பர் 14-இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 கிராம நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கம் வளர்ந்து, இன்று கேரளத்தில் வாயனசாலை இல்லாத ஊரைக் காண்பது அரிது என்ற நிலைமையைக் கொண்டுவந்தது. தினசரி படிக்கவும் கேரம் ஆடவும் மட்டும் அங்கே போவதாக நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நூலகர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், சர்ச் பொன்விழா மலர், ஊராட்சி வெளியிட்ட ஊர் வரலாறு, உறுப்பினர் பதிவேடு ஆகியவை அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். அந்த மலர்களில் மண் சுமந்தவர்கள், நன்கொடை தந்தவர்கள், முதல் ஆசிரியர்கள் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள் இருக்கும். பெரிய வரலாற்று நூல்களில் அந்தப் பெயர்களைக் காண முடியாது.

அங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் திருவனந்தபுரம் பாளையத்தில் மாநில மத்திய நூலகம். 1829-இல் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அங்கே என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். சில நூல்களைச் சொல்லுகிறோம், எழுதிக்கொள்ளுங்கள்.

வார்டு, கானர் என்ற இரு படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து எழுதிய நினைவுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. நாகமய்யா 1906-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திருவிதாங்கூர் மாநிலக் கையேடு, வேலுப்பிள்ளை 1940-இல் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்த கையேடு ஆகியவற்றில் ஊர், வரி, வழக்கம், சாதி, தொழில் எல்லாம் விரிவாக இருக்கின்றன. லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மேட்டீர் 1871-இலும் 1883-இலும் எழுதிய இரண்டு நூல்கள் நம் பகுதி எளிய மக்களின் வாழ்க்கையைச் சொல்லுகின்றன. ஆகூர் 1903-இல் எழுதிய திருவிதாங்கூர்ச் சபை வரலாறும் உண்டு. இவற்றில் உங்கள் தாத்தா பெயர் இருக்காது. ஆனால் தாத்தா எந்த உலகத்தில் வாழ்ந்தார், எந்த வரியைக் கட்டினார், எந்த வழியில் நடக்கத் தடை இருந்தது என்பது தெரியும். அதுவும் குடும்ப வரலாறுதான். எழுதியவர்கள் அதிகாரிகள், பாதிரிமார்கள் என்பதை மட்டும் மறவாமல் படியுங்கள். நம்மைப் பற்றி அவர்கள் எழுதிய எல்லாவற்றையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை.

மக்கள்தொகைக் கணக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. திருவிதாங்கூரில் 1875-இல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. 23 இலட்சத்துக்கு மேல் மக்கள் என்று எண்ணினார்கள். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கைகள் உள்ளன. ஆனால் அவற்றில் ஆட்களின் பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டுமே. வீடுதோறும் எழுதிய தாள்களை இந்தியாவில் யாருக்கும் காட்டுவதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே பெயர் தேடி அங்கே போய் ஏமாற வேண்டாம்.

பழைய நாளிதழ்களையும் விட்டுவிடாதீர்கள். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்திலேதான் தொடங்கப்பட்டது என்பது நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டக் காலத்துத் தமிழ் நாளிதழ் அது. கூட்டத்தில் பேசியவர், கைதானவர், குண்டடிபட்டவர் என்று அந்நாளைய இதழ்களில் வந்த பெயர்கள் பலருடைய பேரப் பிள்ளைகள் இங்கேயும் களியக்காவிளைக்கு அப்பாலும் இருக்கிறார்கள்.

பெயர் கிடைக்கும் இடங்கள்

அப்படியானால் நம் முன்னோரின் பெயர் எங்கேதான் கிடைக்கும்? நான்கு இடங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, நில ஆவணம். 1880-களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை திருவிதாங்கூரில் நடந்த அளவையின்போது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டில், எந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்று இருக்கும். கிராம அலுவலகத்துத் தண்டப்பேர்க் கணக்கையும், சார்பதிவாளர் அலுவலகத்து ஆதாரங்களையும் பாருங்கள். ஒவ்வோர் ஆதாரத்திலும் முன் ஆதாரத்தின் எண் குறித்திருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் மூன்று தலைமுறை கிடைக்கவும் கூடும்.

இரண்டாவது, வழிபாட்டிடப் பதிவேடு. நிலமில்லாதவனுக்கு ஆதாரம் ஏது? கடலில் வலை வீசியவனுக்குத் தண்டப்பேர் ஏது? இவர்களுக்குச் சர்ச் பதிவேடுதான் துணை. பிரான்சிஸ் சேவியர் இந்தத் திருவிதாங்கூர்க் கடற்கரையில் 1544-இல் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதத்தில் எண்ணிக்கை இருக்கிறதே தவிரப் பெயர் இல்லை. பெயர் எழுதும் பதிவேடு எப்போது தொடங்கியது என்பது பங்குக்குப் பங்கு மாறும். பங்குத் தந்தையிடம் பணிவோடு கேட்டுப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவில் தாய், தந்தை, ஞானப் பெற்றோர் என்று நான்கு பெயர்கள் ஒருங்கே வரும். பாறசாலை வட்டாரத்து லண்டன் மிஷன் சபைகள் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையில் உள்ளன. மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் கீழ்த்திசை ஆப்பிரிக்கக் கல்விக் கழக நூலகத்தில் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத் வைத்திருக்கும் நிக்காஹ் பதிவேடு உண்டு.

மூன்றாவது, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. தந்தை பெயர், வீட்டுப் பெயர், சாதி, பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். தேதியை மட்டும் முழுதும் நம்பிவிடக் கூடாது. வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிய தேதியாகவும் இருக்கலாம்.

நான்காவது, திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகம். திருவிதாங்கூர் அரசின் பழைய கோப்புகளும், பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகளும் அங்கே உள்ளன. கோட்டைப் பகுதியில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். காப்பகத்தில் ஆவணம் பார்க்க முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். ஊர், வீட்டுப் பெயர், ஆண்டு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று வெறுமனே கேட்டால் அங்கே இருக்கும் ஊழியர் என்ன செய்வார்?

ஏடு படிக்கச் சில குறிப்புகள்

பழைய ஆதாரத்தில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணி முதல் நாளில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி முற்பாதி வரை 824-ஐயும், மார்கழிப் பிற்பாதி முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1098 சித்திரை என்றால் 1923. கொல்லம் 1132 ஐப்பசி என்றால் 1956. பணக் கணக்கோ, 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பாட்டன் எத்தனை சக்கரத்துக்கு நிலத்தை ஒற்றி வைத்தார் என்று பார்த்தால் அந்த வருஷத்து வறுமையும் தெரியும்.

எழுத்து அடுத்த தடை. நம் பகுதி ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். இன்னும் பழையவை மலையாண்மையிலோ வட்டெழுத்திலோ இருக்கலாம். மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாறுகிறது என்றால் மலையாள ஆதாரத்தை எப்படிப் படிப்பார்கள்? இங்கே ஊரில் படித்த பிள்ளைக்கோ மலையாளம் வரும், தமிழ் எழுத வராது. இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் ஒரு குடும்பத்தின் காகிதம் முழுமையாய்ப் படிபடும். சங்கம் இருப்பது இதற்காகத்தானே!

எல்லைக்கு முந்திய உறவு

இங்கே நம் அரசியல் வரலாற்றையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. கணக்கெடுப்பில் எழுதிய தாய்மொழி எண்ணிக்கை அந்தப் பிரிவினையில் எடைக்கல்லானது.

அந்த முடிவை மாற்றக் கேட்டு இன்று நாம் இங்கே கூடவில்லை. இரு பக்கத்து மக்களும் அண்ணன் தம்பியாய் வாழ்கிறார்கள். அப்படியே வாழ வேண்டும். ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லை வந்தது 1956-இல். நம் குடும்பங்கள் அதற்கு முன்னே கொண்டும் கொடுத்தும் கலந்தவை. பாறசாலைக்காரனின் பாட்டி வீடு விளவங்கோட்டில் இருக்கும். அங்குள்ளவர் நாகர்கோவிலில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். 1956-க்கு முந்திய திருவிதாங்கூர்த் தலைமைச் செயலகக் கோப்புகள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. நாம் இங்கே மட்டும் தேடினாலும் பாதிதான்.

இந்தத் தாலுகாவிலேயே பலராமபுரத்தைப் பாருங்கள். பலராமவர்மா ஆண்ட 1798 முதல் 1810 வரையிலான காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டவர்கள் சாலியர் நெசவாளர்கள். அவர்கள் நெய்த துணி இன்று கேரளத்தின் பெருமையாக விற்கிறது. இங்கிருந்து வெளியூர் போனவர்கள் மட்டும்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று எண்ணாதீர்கள். இங்கே வந்து சேர்ந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களே.

மொழி உரிமைக்கும் இதில் இடம் உண்டு. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. இந்த உரிமை எண்ணிக்கையோடு பின்னிக் கிடக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். தாய்மொழி என்ன என்று கேட்கும்போது, பாட்டி என்ன மொழியில் தாலாட்டினாள் என்று தெரிந்தவன் தயங்காமல் பதில் சொல்லுவான்.

பெண்களின் பெயர் எங்கே?

தாய்மார்களே, உங்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். ஆதாரங்களைப் புரட்டும்போது பெண்களின் பெயர் அடிக்கடி மறைந்துபோகும். மருமக்கத்தாயக் குடும்பங்களில் நிலைமை வேறு. 1925-ஆம் ஆண்டு நாயர், ஈழவர் சட்டங்களும் 1926-ஆம் ஆண்டு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வந்த பிறகு கூட்டுச் சொத்துகள் பாகமாயின. அந்தப் பாகப் பத்திரங்களில் தாய், மகள், பேத்தி என்று எல்லாப் பெயரும் இருக்கும். தேடுகிறவனுக்கு அது புதையல். ஆனால் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களின் 1916-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் மகளுக்கு ஸ்திரீதனம் என்று மகன் பங்கில் கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைக் கொடுத்து அனுப்பியது. அதுவும் கொடுத்தாயிற்று என்றால் பத்திரத்தில் மகள் பெயரே இராது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த நிலைமை மாறியது. ஆகவே அத்தையின் பெயர் பத்திரத்தில் இல்லை என்பதால் அத்தையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் கல்யாணப் பதிவேட்டிலும் தேடுங்கள். உங்கள் குடும்ப மரத்தில் மருமகள்களை மட்டும் எழுதி மகள்களை விட்டுவிடாதீர்கள்.

கடல் கடந்து போனவர்கள்

மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன உறவினரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுக்கிறது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உள்ளன. இலங்கைத் தமிழருக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் இருக்கிறது. நாகமய்யாவின் கையேடும் மேட்டீரின் நூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. செல்பேசியில் படம் பார்க்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

பொய் வம்சம் வேண்டாம்

இனி ஓர் எச்சரிக்கை. நம்மில் சிலர் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்ததுமே சேர மன்னனுக்கோ பாண்டிய மன்னனுக்கோ பேரனாகிவிடுகிறார்கள். இடையில் இருக்கும் முப்பது தலைமுறைக்கு ஒரு காகிதமும் இருக்காது. அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். தோள்சீலைக்காகப் போராடிய பெண்களின் பேத்திகள் நாம். 1859-இல் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு பிரகடனம் வரும் வரை அடி வாங்கியவர்களின் வழி வந்தவர்கள் நாம். அடிமை வணிகத்தில் விலை பேசப்பட்டவர்களின் வாரிசுகளும் நம்மிடையே இருக்கிறார்கள். விற்ற பத்திரத்தில் பூட்டன் பெயர் கிடைத்தால் வெட்கப்பட வேண்டியவன் விற்றவன். விற்கப்பட்டவன் குடும்பம் தலைகுனிய வேண்டியதில்லை. இதே நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நாட்டியபோது, பிறப்பால் யாரும் தாழ்ந்தவரில்லை என்பதைத்தான் நிலைநாட்டினார். உள்ளதை உள்ளபடி எழுதுவதே அந்த வழியில் நடப்பதாகும்.

உயிரோடிருப்பவர்களின் மனத்தைப் புண்படுத்தும் செய்திகளை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை எழுதி மூடி வையுங்கள். காலம் வரும்போது பிள்ளைகள் திறக்கட்டும்.

செய்ய வேண்டியவை

சங்கத்தின் சார்பில் மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் இந்த விடுமுறை முடிவதற்குள் தாத்தாவின் பெற்றோர் வரை, ஆணும் பெண்ணுமாகப் பெயர் எழுத வேண்டும். வீட்டிலுள்ள பழைய காகிதங்களைப் படமெடுத்து, மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை வாயனசாலையிலும் இன்னொன்றை வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் கொடுக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்தவர்களும் தமிழ் எழுதத் தெரிந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாயனசாலையில் கூடி, வந்த ஆதாரங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். செலவு அதிகமில்லை, மனம்தான் வேண்டும்.

பிரதி எதற்கு மூன்று இடத்தில் என்று கேட்பீர்கள். 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பின்னாளில் கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். எரிந்த ஏடுகளைத் திரும்ப எழுத யாரால் முடிந்தது? அங்கே தீயிட ஆள் வந்தார்கள். இங்கே தீ வேண்டாம். கரையானும் கடற்காற்றும் நம் மறதியும் போதும்.

பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இதோ இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எத்தனை நாற்காலி காலியாகுமோ நமக்குத் தெரியாது. ஆகவே கூட்டம் முடிந்ததும் டீ குடித்துக் கலைந்துவிடாமல், ஒவ்வோர் இளைஞனும் ஒவ்வொரு பெண்பிள்ளையும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் அம்மா பெயர் என்ன?" என்று முதல் கேள்வியைக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம். நோட்டும் பேனாவும் வாசலில் வைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்.